பழுதான போனுக்குப் பதிலாக வந்த பழைய போன்

கேள்வி: சென்ற தீபாவளிக்கு முன் 24,999 ரூபாய்க்கு ஒரு கைபேசி வாங்கினேன். ஐந்தாவது மாதத்திலிருந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்து மறுபடி உயிர்பெறத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில் முதல் முறை சாஃப்ட்வேரை மாற்றினார்கள். இரண்டாம் முறை மதர்போர்டை மாற்றினார்கள். மூன்றாம் முறை 19 நாள் வைத்திருந்துவிட்டு, வெள்ளை அட்டைப் பெட்டியில் வேறொரு கைபேசியைக் கொடுத்தார்கள். அதன் கேமரா கண்ணாடிக்கு உட்புறம் தூசு இருக்கிறது, சார்ஜர் துளையைச் சுற்றிக் கீறல்கள். கேட்டதற்கு, "ரீஃபர்பிஷ்டு செட்தான் மேடம், கம்பெனி பாலிசி" என்றார்கள். அதுவும் இப்போது சூடாகி அணைகிறது. வாரண்டி முடிய ஏழு வாரமே உள்ளது. புதிய கைபேசி கேட்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உண்டு. ஆனால் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நின்று வாங்கிவிடக்கூடிய உரிமை அன்று அது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் புதிய கைபேசி எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை; ஆகவே அவரோடு சண்டை போடுவதில் பயனில்லை, அவரிடமிருந்து காகிதங்களை வாங்குவதில்தான் பயன் உண்டு.

முதலில் உங்கள் வாரண்டி அட்டையைப் படித்துப் பாருங்கள். பழுது நீக்கப் புதிய பாகங்களையோ, புதியவற்றுக்கு நிகராக இயங்கும் புதுப்பிக்கப்பட்ட (ரீஃபர்பிஷ்டு) பாகங்களையோ பயன்படுத்துவோம் என்ற வரி பல நிறுவனங்களின் அட்டையில் இருக்கும். அந்த வரி இருந்து, கொடுக்கும்போதும் ஒளிக்காமல் சொல்லியிருந்தால், பழையது கொடுத்ததை மட்டுமே வைத்து வழக்காடுவது கடினம். புதுப்பித்த பொருளைப் புதியது என்று சொல்லிக் கொடுத்திருந்தாலோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது.

"புதியதற்கு நிகர்" என்ற சொற்களே உலகெங்கும் சச்சரவுக்குரியவை. அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் தன் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதுப்பித்த கருவிகளைக் கொடுத்ததை எதிர்த்து வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தனர்; 2021-இல் அந்நிறுவனம், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 9.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள இசைந்தது.

உங்கள் வழக்கின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. வாங்கிய பொருள் மூன்று முறை சர்வீஸுக்குப் போயும் சரியாகவில்லை. மாற்றாக வந்ததும் அதே குறையோடு இருக்கிறது. இத்தகைய நிலையில் குறையற்ற புதிய பொருளைக் கொடுக்கவோ, கொடுத்த விலையைத் திருப்பித் தரவோ, அலைச்சலுக்கு இழப்பீடு வழங்கவோ உத்தரவிட மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. சட்டத்தில் உள்ள சொல் "புதிய பொருள்" என்பதைக் கவனியுங்கள்.

ஆணையம் கேட்கப்போவது ஜாப் ஷீட்டை, அதாவது கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது குறையை எழுதி சர்வீஸ் சென்டர் தரும் சீட்டை. மூன்று முறைக்கும் மூன்று ஜாப் ஷீட் உங்களிடம் இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் நீங்கள் சொன்ன குறை உங்கள் சொற்களிலேயே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். "பேசும்போது அணைகிறது" என்று நீங்கள் சொல்வதை அவர்கள் "பொதுச் சோதனை" என்று எழுதிவிடுவார்கள். பிறகு அந்தக் குறை ஐந்தாம் மாதம் இருந்தது என்பதற்கே சான்று இருக்காது. திரும்ப வாங்கும்போது, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் கையெழுத்துக் கேட்பார்கள். அங்கேயே பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, குறை தெரிந்தால் அதைக் கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டுப் போடுங்கள். கடை பில் வெப்பத்தாளில் அச்சானது என்றால் இன்றே நகலெடுத்து வையுங்கள். ஓராண்டில் வெறும் மங்கிய வெள்ளைத்தாளாகிவிட்ட பில்லோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண். *#06# அழுத்தினால் வரும் அந்த 15 இலக்கம், மாற்றாக வந்த கைபேசியில் கட்டாயம் வேறாக இருக்கும்; மதர்போர்டு மாற்றினாலும் மாறக்கூடும். உங்கள் பில்லில் இருப்பதோ பழைய எண். நாளை மீண்டும் வாரண்டி கேட்டாலும், கைபேசி திருடுபோய் அதை முடக்கக் கோரினாலும், "பில்லும் செட்டும் பொருந்தவில்லை" என்ற பதில்தான் வரும். இன்ன எண்ணுக்குப் பதில் இன்ன எண் கொடுக்கப்பட்டது என்று முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த நிறுவனத்தின் எந்த மாடல், முடக்கப்பட்டதா என்பதும் தெரியும்.

வாரண்டி முடிவதற்குள் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதே வேளையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் புகார் நேரே நிறுவனத்தின் தலைமையிடத்துக்குப் போவதால், கவுன்டரில் நகராத காரியம் சில வேளை அங்கே நகரும். அதிலும் தீராவிட்டால் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. விற்ற கடை, சர்வீஸ் சென்டர், உற்பத்தியாளர் மூவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால், குற்றம் விடுபட்டவர் மீதே என்று மற்றவர்கள் சொல்வார்கள். வழக்கு மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம்; நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீரே படாத என் கைபேசியைத் "தண்ணீர் புகுந்திருக்கிறது" என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சிம் தட்டைக் கழற்றி அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் அங்கே சின்ன வெள்ளை ஒட்டி ஒன்று இருக்கும். ஈரம் பட்டால் சிவக்கும். அது வெள்ளையாகவே இருந்தால் உடனே படமெடுத்து, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். உட்புறம் துரு பிடித்த இடத்தைப் படத்தில் காட்டும்படியும் கேளுங்கள். சிவந்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். விளம்பரத்தில் நீர் தாங்கும் என்றிருந்தாலும் வாரண்டி அட்டையில் அது பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். அந்த விளம்பரத்தை எடுத்து வையுங்கள், வழக்கில் பேச இடமுண்டு. ஆஸ்திரேலியாவில் கைபேசியைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக 2022-இல் சாம்சங் நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சச்சரவு தீரும்வரை தெருமுனைக் கடையில் கொடுத்துக் கைபேசியைத் திறக்க விடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப நேர்ந்தால், திருகாணியில் வேறு கை பட்ட தடயம் எதிர்தரப்புக்கே உதவும்.