தாம்பத்திய ஆசை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

தம்பதியருக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். கணவர் மீது அன்பு உண்டு. ஆனால் ஆசை தானாக எழுவதில்லை. அவர் அருகில் வந்தபின் சில நாள் எழுகிறது. என்னிடம் குறையா? (முத்தியால்பேட்டை)

குறையே இல்லை, சகோதரி. முதலில் ஆசை, பிறகு நெருக்கம் என்ற வரிசை எல்லாருக்கும் பொருந்தாது என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000-இல் எழுதினார். நெடுநாள் உறவில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நெருக்கத்துக்குப் பிறகே ஆசை விழிக்கிறது. விழிக்காத நாளில் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனால், உடல் அடுத்த முறை முன்கூட்டியே விலகும்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மல்லிகைப்பூ வாங்கிப் போனாலும் மனைவி "களைப்பு" என்கிறாள். என் மீது வெறுப்பா? (கடலூர் முதுநகர்)

வெறுப்பு என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பாலுணர்வை ஆராயும் அமெரிக்காவின் கின்சி நிறுவன ஆய்வாளர்கள் ஜான் பேங்கிராஃப்ட், எரிக் ஜான்சென் இருவரும் பாலுணர்வுக்கு ஆக்சிலேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு என்று விளக்கினார்கள். பூ ஆக்சிலேட்டர். பிரேக்கை யார் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சரியாகச் சாத்தாத கதவு, அடுத்த அறையில் இருமும் மாமனார், விடியற்காலையில் கட்ட வேண்டிய மூன்று டிபன் பெட்டிகள், மறுபடியும் கருத்தரித்துவிடுவோமோ என்ற அச்சம் என எதுவாகவும் இருக்கலாம். படுக்கையில் கேட்காதீர்கள், பகலில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் கேளுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். இரவுப் பாத்திரங்களை நீங்கள் துலக்குங்கள். அதற்குக் கூலியாக மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அவர் அதை நொடியில் கண்டுகொள்வார்.

சுய இன்பப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று லாட்ஜில் முகாம் போட்ட வைத்தியர் சொல்கிறார். அடுத்த மாதம் திருமணம். (நெல்லிக்குப்பம்)

தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. விந்து வெளியேறுவதால் நரம்பு தளராது. மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் இந்தப் பயத்துக்கே 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். முதலிரவில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் இந்தப் பயம்தான். இளைஞர்களின் பயத்தை விற்றுப் பிழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வயது 52, சர்க்கரை நோய் உண்டு. விறைப்பு குறைந்துவிட்டது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கலாமா? (வில்லியனூர்)

வேண்டாம். முதலில் மருத்துவரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாய் நோய் சிலருக்கு இப்படித்தான் முதலில் தெரியவரும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கணவர் துபாயிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறார். வந்ததும் அந்நியர் போல் கூச்சமாக இருக்கிறது. (பாகூர்)

கூச்சம் இயல்பு, அம்மா. விடுமுறை முடிவதற்குள் என்ற அவசரம்தான் பகை. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது: முதல் சில நாட்கள் உறவு கிடையாது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்; கையை, முதுகை, தலைமுடியைத் தொடுவது மட்டும் போதும். மாலையில் வண்டிகளை விடாத பாண்டிக் கடற்கரைச் சாலையில் இருவர் மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளை அன்று பாட்டி பார்த்துக்கொள்ளட்டும்.