அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். கணவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். குடிப்பழக்கம் இல்லை, ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஒரே மகள், கல்லூரி முதலாண்டு. நான் எங்கள் ஊர் மகளிர் குழுவில் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.

என் பிரச்னை வீட்டில் நடக்கும் கிண்டல். டிவியில் அரசியல் விவாதம் ஓடும்போது நான் ஏதாவது சொன்னால், "உன் சீரியல் எட்டரைக்குத்தான், அதுவரைக்கும் சும்மா இரு" என்பார். கொழுந்தனார் குடும்பமும் சிரிக்கும். வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் தினமும் பொண்டாட்டி ஜோக்குகள். போன வாரம் "மனைவிக்கு அரசியல் புரிந்துவிட்டால்" என்று ஒரு மீம் போட்டார். என் மகளே அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றபடி எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. தேர்தல் சமயத்தில்கூட அவர் சொல்லும் சின்னத்துக்குத்தான் நானும் என் மாமியாரும் போடுவோம். ஊராட்சித் தேர்தலில் நாலு சீட்டு கொடுப்பார்கள், குழம்பிவிடுவேன் என்று துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதியே கொடுத்தார். அந்தத் தடவை எங்கள் குழுவில் இருந்த ஒருவர் தலைவர் பதவிக்கு நின்று தோற்றுப்போனார். மகளுக்கும் இப்போது 18 ஆகிவிட்டது. இந்தக் கிண்டலை மனசில் வாங்காமல் இருப்பது எப்படி?

பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு,

கிண்டலை மனசில் வாங்காமல் இருக்க எனக்கு வழி தெரியும். பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. மீம் பற்றி அத்தனை வரி எழுதிய நீங்கள், சண்டை சச்சரவு கிடையாது என்பதற்குச் சாட்சியாக ஒரு துண்டுச் சீட்டைக் காட்டியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நாலு சீட்டு கொடுத்தால் நீங்கள் குழம்பிவிடுவீர்களா? மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவருக்கு எத்தனை நோட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியும். சந்தா ஒரு பக்கம், உள்கடன் ஒரு பக்கம், வங்கிக் கடன் தவணை ஒரு பக்கம், சுழல் நிதி தனியாக. யார் எத்தனை மாதம் வட்டி பாக்கி என்று நோட்டைத் திறக்காமலே சொல்வீர்கள். வங்கி மேலாளர் ஒரு ரூபாய் கூடுதலாகப் பிடித்திருந்தால் பாஸ்புக்கோடு போய் நிற்பீர்கள். அப்படிப்பட்டவருக்கு ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என்று நாலு பெயருக்கு நாலு முத்திரை குத்தத் தெரியாதா? குழம்பிவிடுவேன் என்று நினைத்தது உங்கள் கணவரா, நீங்களா? கடிதத்தில் அது தெளிவாக இல்லை. நீங்களே அதை நம்பிவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

உங்கள் குழுத் தீர்மானப் புத்தகத்தில் கூட்டத்துக்கு வந்தவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். நாளைக்கு ஒரு உறுப்பினரின் கணவர் வந்து, "அவளுக்கு ஒன்றும் தெரியாது, நானே போட்டுவிடுகிறேன்" என்று பேனாவை எடுத்தால் விடுவீர்களா? உடனே புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கையெழுத்து அவளுடையது, கடனும் அவளுடையது, அவள்தான் வர வேண்டும் என்பீர்கள். குழுவில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்த நியாயத்தை உங்கள் விஷயத்தில் மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. உங்கள் குழுவில் இருந்த ஒரு பெண் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் மகளின் வயதுக்குப் போய்விட்டீர்கள். அவருடைய சின்னம் அந்தத் துண்டுச் சீட்டில் இருந்ததா? இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். ஆக, வருஷக்கணக்காக உங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, உங்கள் கணக்கை நம்பிப் பணம் கட்டிய ஒருத்திக்கு, அவர் நல்லவரா, பொறுப்பானவரா என்று கணவரைவிட நூறு மடங்கு நன்றாகத் தெரிந்த நீங்கள், எதிராக முத்திரை குத்திவிட்டு வந்தீர்கள். அவர் சரியில்லை என்று நீங்களே முடிவு செய்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்கள் முடிவே செய்யவில்லை. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம்கூடக் கிடையாது. ஆட்டோ, பூட்டு சாவி என்று சுயேச்சைச் சின்னங்கள்தான். ஆளைப் பார்த்துப் போடச் சொல்கிற தேர்தல் அது. அந்த ஆளைப் பார்த்தவர் நீங்கள். சீட்டு எழுதியவர் வேறொருவர்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-ல் சட்டத்திருத்தம் வந்தது. 2019 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தல் அந்தக் கணக்கில்தான் நடந்தது. பெண் ஜெயித்தாலும் நாற்காலியில் புருஷன்தான் உட்காருகிறான் என்று ஊரே பேசுகிறது, நானும் பேசியிருக்கிறேன். ஆனால் ஓட்டுப் போடுகிற மறைப்புக்குள் நிற்கிற பெண்ணும் புருஷன் எழுதிக் கொடுத்ததைத்தான் கையில் வைத்திருக்கிறாள் என்றால், நாற்காலியில் இருப்பவளை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்த ஓட்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவிலேயே முதலில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த மாகாணம் நம் சென்னை மாகாணம், 1921-ல். சொத்தோ வரியோ இருந்தால்தான் ஓட்டு என்பதால் பெரும்பாலான பெண்கள் அப்போதும் வெளியேதான் நின்றார்கள். 1930-களில் பிரிட்டிஷ் அரசு ஒரு யோசனை வைத்தது: சொத்துள்ள ஆணின் மனைவி என்ற தகுதியில் ஒரு பெண்ணுக்கு ஓட்டுக் கொடுக்கலாம். இன்னும் நிறைய பெண்களுக்கு ஓட்டுக் கிடைக்கும், லாபம்தானே என்று நினைக்கத் தோன்றும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உட்பட அன்றைய பெண்கள் இயக்கத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1933-ல் லண்டனுக்கே போய் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். கணவரை வைத்து வரும் ஓட்டு வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் கொடுங்கள் என்றார்கள். 1935 சட்டத்தில் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை, மனைவி என்ற தகுதிதான் வந்தது. எல்லோருக்குமான ஓட்டு சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில்தான் வந்தது. அந்தப் பெண்கள் வேண்டாம் என்று தள்ளியதை, நீங்கள் ஒரு துண்டுச் சீட்டில் மறுபடியும் வாங்கிக்கொண்டீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் இடம்பெறாமல் போனது. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. கடுமையான முடிவுதான், ஆனால் சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லப் பழகினார்கள். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, பூத் சிலிப்பில் அச்சாகி வருகிறது, விரலில் மை வைக்கிறார்கள். ஆனால் உள்ளே போடப்படும் ஓட்டு இன்னும் இன்னாரின் மனைவியுடையதாகவே இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அவருக்குத் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணுக்கு நானும் அதைத்தான் சொல்வேன், அவளைக் காப்பாற்றத்தான் வாக்கு ரகசியம் என்கிற சட்டமே இருக்கிறது. மின்னணு இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால், யாருக்குப் போட்டோம் என்ற சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரியும், பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும். அதை நீங்கள் மட்டுமே பார்க்க முடியும். ஆனால் உங்கள் கணவர் கை நீட்டாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் ஒளித்து மறைத்துச் செய்ய என்ன இருக்கிறது? புருஷன் பெண்டாட்டிக்குள் பொய் வரக்கூடாது என்று நம்புகிறவள் நான். ஓட்டு விஷயத்தில் ஒரு பொய் நுழைந்தால் அது அதோடு நிற்காது. அதனால் தேர்தலுக்கு முன்பே, கொழுந்தனார் குடும்பம் இல்லாத நேரமாகப் பார்த்து, நேராகச் சொல்லுங்கள்: "இந்தத் தடவை நானே யோசித்துப் போடுகிறேன். யாருக்குன்னு கேக்காதீங்க." அவ்வளவு போதும். காரணம் சொல்ல வேண்டாம், அழ வேண்டாம், மீம் பேச்சை எடுக்கவே வேண்டாம். அவர் முகம் இரண்டு நாள் சுருங்கும். சுருங்கட்டும். வீட்டின் அமைதி உங்கள் வாயை மட்டுமே மூடி வைத்துக் கிடைக்கிறது என்றால் அது அமைதி இல்லை.

குடும்பத்துக்கு விட்டுக்கொடுப்பது கடமை என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நானும் அதை மதிக்கிறேன். பிடித்த சாப்பாட்டை விட்டுக்கொடுக்கலாம், பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போவதைக்கூட ஒரு வருஷம் விட்டுக்கொடுக்கலாம். ஓட்டு அந்தக் கணக்கில் சேராது. அது வீட்டுச் சொத்து கிடையாது, ஊருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை. குடிநீர்க் குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, நூறு நாள் வேலைக் கூலி எத்தனை வாரம் தள்ளி வருகிறது, ரேஷன் கடையில் எது இல்லை என்பதெல்லாம் உங்கள் குழுக் கூட்டத்தில் பேசாத விஷயமா? டிவியில் கத்துகிறவர்களைவிட இது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிராம சபைக்குப் போங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள்தான். குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு முறை கூட்ட வேண்டும். கூட்டம் சேர்க்க மகளிர் குழுவைக் கூப்பிடுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இந்த முறை கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி. அவள் சிரிக்கிற பொம்மை போட்டதற்கு அழுதீர்கள். அவளைத் திட்டாதீர்கள். தேர்தல் நாளில் அப்பா சீட்டு எழுதிக் கொடுப்பதையும், அம்மாவும் பாட்டியும் அதை வாங்கிக்கொண்டு போவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அந்த மீம் அவளுக்கு அவள் வீட்டில் நடப்பதாகத்தான் தெரியும். அவள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6-ஐ அவளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ தேர்தல் வரும்போது, நிற்கிறவர்களின் உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கும். சொத்து எவ்வளவு, வழக்கு என்ன, படிப்பு என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. அவளுடைய போனிலேயே இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். அவள் யாருக்குப் போடப்போகிறாள் என்று நீங்களும் கேட்கக்கூடாது. அப்பாவின் சீட்டைப் பிடுங்கி அம்மாவின் சீட்டைத் திணிக்கிற வேலை வேண்டாம்.

மாமியாரையும் விட்டுவிடாதீர்கள். கண் தெரியாதவர்கள், உடல் முடியாதவர்கள்தான் துணைக்கு ஒருவரை அழைத்துப்போய் ஓட்டுப் போடலாம். அந்தத் துணைகூட ரகசியம் காப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மாமியார் தானாக நடந்து போய்ப் போடுகிறவர். உங்களுக்கு யார் பிடிக்கும் அத்தை என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? நீங்கள் கேளுங்கள்.

கடைசியாகக் கிண்டல். நான் நகைச்சுவைக்கு எதிரி கிடையாது. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் ஜோடியாக நடித்த காட்சிகளில் கிண்டல் இரண்டு பக்கமும் ஓடும். மதுரம் வாய் பொத்தி நின்று கேலி வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. கணவர் கொலை வழக்கில் சிறைக்குப் போனபோது வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோகப் பாடுபட்டவரும் அவர்தான். 1947-ல் விடுதலையாகி வந்த பிறகு இருவரும் மறுபடி சேர்ந்து ஜனங்களைச் சிரிக்க வைத்தார்கள். ஒருவரை ஒருவர் மதிக்கிறவர்கள் எத்தனை கேலி செய்தாலும் காயம் படாது. பூரிக்கட்டையோடு நிற்கிற மனைவி, புடவைக் கடையில் பர்ஸைக் காலி செய்கிற மனைவி என்று நம் பத்திரிகைகளும் சினிமாவும் டிவியும் தலைமுறை தலைமுறையாகப் போட்ட ஜோக்குகள்தான் இன்று மீமாக வருகின்றன. அவற்றில் அவளுக்கு ஒரு பதில் வசனம்கூட இருக்காது.

அதற்காக நீங்கள் பதில் ஜோக் தேட வேண்டாம். சீரியல் பார்ப்பதற்காக வெட்கப்படவும் வேண்டாம், நாள் முழுக்க உழைத்தவர் அரை மணி நேரம் பிடித்ததைப் பார்க்கிறார். அடுத்த முறை அவர் எட்டரை மணி வசனத்தைச் சொல்லும்போது, மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பதை மட்டும் நிறுத்துங்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், இல்லையென்றால் இது இத்தனை வருஷம் ஓடியிருக்காது. ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டால் சிரிப்பு வரவில்லை என்று சொல்லிவிட்டு, விவாதத்தில் சொல்ல வந்ததைச் சொல்லி முடியுங்கள்.