முளையில் படிந்த வெள்ளைப் பஞ்சு

வணக்கம். முள்ளங்கி விதையை முளைகட்டப் போட்டேன். மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது. பூசணம் என்று பயந்து குப்பையில் கொட்டிவிட்டேன். இதோடு மூன்று முறை ஆகிவிட்டது. என்ன தவறு செய்கிறேன்? இன்னொன்று: அப்பா உடம்பு தேறட்டும் என்று காய்ந்த கோஜி பெர்ரி வாங்கியிருக்கிறேன். தினமும் ஊறவைத்துக் கொடுக்க எண்ணம். ரத்தம் உறையாமலிருக்க அவர் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். பழம்தானே, கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று முறையும் நல்ல முளையைத்தான் கொட்டியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நானும் கொட்டியவன்தான். அது பெரும்பாலும் வேர்த்தூவி, அதாவது வேர் தண்ணீர் தேடி விடுகிற மெல்லிய மயிர். முள்ளங்கியில் நன்றாகவே தெரியும். அடுத்த முறை ஒரு முளையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தூவி என்றால் வேரிலிருந்து மட்டும் நேராக, பாட்டில் கழுவும் பிரஷ் போலக் கிளம்பியிருக்கும். தண்ணீரில் அலசினால் படுத்து மறைந்துவிடும். பூசணம் அப்படியல்ல. சிலந்தி வலை மாதிரி ஒரு விதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், அலசினாலும் போகாது, முடை நாற்றம் அடிக்கும். அப்போது யோசிக்காமல் கொட்டுங்கள்.

விதை எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. விதைப்பதற்கென்று விற்கிற பொட்டலம் என்றால் பூசணக்கொல்லி தடவியிருக்கலாம். முளைகட்டிச் சாப்பிட என்று விற்பதையே வாங்குங்கள்.

முளையில் நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாததற்கு. முளைக்கத் தேவையான சூடும் ஈரமும்தான் சால்மோனெல்லா, ஈ.கோலி கிருமிகளுக்கும் தேவை. விதையின் மேல்தோலில் இருக்கும் சின்ன விரிசலுக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், இரண்டு மூன்று நாளில் பெருகிவிடும். வாசனையும் மாறாது, நிறமும் மாறாது. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் ஈ.கோலி பரவி ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்று, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டிலேயே செய்தது என்பதாலும் இது தப்பாது, ஏனென்றால் கிருமி வருவது விதையோடு. கழுவினாலும் முழுக்கப் போகாது. வேகவைத்தால் போகும்.

அதனால் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை அலசி, ஜாடியைச் சாய்த்துத் தண்ணீரைச் சுத்தமாக வடியுங்கள். முளைத்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்பாவுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பச்சையாக வேண்டாம், நன்றாக வேகவைத்தே கொடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், குறையட்டும். ராஜ்மாவை மட்டும் யாருமே பச்சையாக முளைகட்டித் தின்னக் கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு போக, குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

சரி, கோஜி. இதை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கோஜியையும் சேர்த்துக்கொண்டு, மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரை போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வார்ஃபரினில் அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதற்காகத்தானே ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அடிக்கடி வரச் சொல்கிறார்கள். "பழம்தானே" என்கிறீர்கள். எல்டர்பெர்ரியும் பழம்தான். வேகவைக்காமல் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், அதன் விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

ஏற்கனவே இரண்டு நாள் கொடுத்துப் பார்த்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தழும்பு, கறுப்பாக மலம் போவது என்று ஏதாவது இருந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது அந்தப் பாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.