பக்கத்து வீட்டு வாத்தியாரின் பென்ஷன் உங்கள் மகளுக்கு வராது

ஐயா, பி.காம். முடித்த மகளுக்குப் பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி மாதம் 18,000 ரூபாய் தருகிறேன் என்கிறது. நீங்களோ கொழிஞ்சாம்பாறை வீட்டிலேயே இருந்து அரசு வேலைக்கான கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குப் படிக்கட்டும் என்கிறீர்கள். ஒரே கணக்கு வேலைக்கு அரசில் ஒன்று, தனியாரில் ஒன்று என்று இரண்டு விதச் சம்பளம் நியாயமா என்பது உங்கள் கேள்வி.

நியாயம் இல்லைதான். கேரளத்தில் 2021 ஊதியத் திருத்தப்படி எல்டி கிளார்க்கின் (அரசின் கீழ்நிலை எழுத்தர்) அடிப்படைச் சம்பளமே 26,500-இல் தொடங்குகிறது. டிஏ (அகவிலைப்படி), வீட்டு வாடகைப்படி தனி. டிஏ தவணைகள் நிலுவையில் நின்றதையும் ஊழியர்கள் புலம்பக் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் கீழ்நிலை வேலைகளில் அரசுதான் மேல். ஆடிட்டர், சாஃப்ட்வேர் என்று மேலே போனால் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பது சம்பளத்தை அல்ல, பக்கத்து வீட்டு வாத்தியார் வாங்கும் பென்ஷனை. அது பழைய ஏற்பாடு. கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் கொண்டுவரப்பட்டது. அடிப்படைச் சம்பளம், டிஏ இரண்டும் சேர்ந்ததில் 10 சதவீதம் ஊழியர் போட வேண்டும், 10 சதவீதம் அரசு போடும். அந்த ஏற்பாட்டில் கடைசியில் கையில் வருவதை, பணம் முதலீடாகும் சந்தைதான் தீர்மானிக்கும்.

தனியாரில் நிலைமை இன்னும் மோசம். பி.எஃப்.பில் (வருங்கால வைப்பு நிதி) நிறுவனம் போடும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது, அதுவும் 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைக்கும்தான். அந்த உச்சவரம்பில் 30 வருடம் உழைத்தாலும் மாதப் பென்ஷன் 7,000-ஐத் தாண்டாது. சரி, பி.எஃப். மொத்தத் தொகை கைக்கு வரும். ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. சம்பளம் 21,000-க்குள் என்பதால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மருத்துவமும் கிடைக்கும்.

அரசு அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு சாதி இருப்பதையும் பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக 179 நாளுக்கு மட்டும் தற்காலிகமாக வருபவரும் நிரந்தர ஊழியரும் ஒரே மேசையில் ஒரே ஃபைலைப் பார்க்கிறார்கள். தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லியாகிவிட்டது. 179 நாள் வேலை கிடைத்தால் அனுபவத்துக்குப் போகலாம், அதை நிரந்தர அரசு வேலை என்று எண்ணிக் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்க வேண்டாம்!

என் யோசனை: வேலைக்குப் போகட்டும், படிப்பையும் விட வேண்டாம். பொதுப்பிரிவுக்கு 36, ஓபிசிக்கு 39 வயது வரை எல்டி கிளார்க் தேர்வு எழுதலாம். ரேங்க் லிஸ்ட்டில் பேர் வந்தாலும் அட்வைஸ் மெமோ (நியமனத்துக்கான பரிந்துரைக் கடிதம்) வர வருடக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். அதுவரை சும்மா உட்கார்ந்தால் இழப்பு சம்பளம் மட்டுமல்ல, பென்ஷனுக்குக் கணக்காகும் பி.எஃப். சர்வீஸும்தான்.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் ஆஃபர் லெட்டரில் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: நிறுவனத்தின் பி.எஃப். பங்கையும் சேர்த்துத்தான் 18,000 என்கிறார்களா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்று பாண்ட் ஏதாவது கேட்கிறார்களா. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.