ஊர் வளர்ந்ததா, தேய்ந்ததா?

கேள்வி: என் மகன் குரோஷியாவில் ஸ்ப்ளிட் நகரில் வேலை பார்க்கிறான். ஸாக்ரெப் போகும் ரயில் க்னின் என்ற ஊரில் நிற்குமாம். 1991-ல் அங்கே 42,954 பேர் என்று ஓரிடத்தில் படித்தேன், 12,331 என்று இன்னோரிடத்தில். 2011-ல் 15,407 என்கிறார்கள். எது சரி? ஊர் வளர்ந்ததா, தேய்ந்ததா?
- ஒரு வாசகி, அல்சூர்

பதில்: மூன்றுமே சரிதான், எல்லைதான் வேறு. 42,954 என்பது சுற்றுக் கிராமங்களையும் சேர்த்த பழைய நகராட்சியின் கணக்கு. 12,331 ஊருக்குள் மட்டும். அப்புறம் கியெவோ, பிஸ்குபியா போன்ற கிராமங்கள் தனி ஊராட்சிகளாகப் பிரிந்துபோயின. 15,407 அப்படிச் சுருங்கிய நகராட்சிக்குள் எடுத்தது.

நம் பெங்களூரையே பாருங்கள். 2001-ல் மாநகராட்சிக்குள் 43 லட்சம், 2011-ல் 84 லட்சம். அத்தனையும் புதிதாக வந்தவர்களா? 2007-ல் எலஹங்கா, கே.ஆர்.புரம், பொம்மனஹள்ளி என்று ஏழு நகராட்சிகளையும் நூற்றுப் பத்து கிராமங்களையும் மாநகராட்சியோடு சேர்த்துக்கொண்டார்களே, அதுவும் இதில் இருக்கிறது.

ஊரை மட்டும் எடுத்துக்கொண்டால் 2011-ல் பத்தாயிரத்துச் சொச்சம். ஆக, தேய்ந்ததுதான். ஆனால் எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பதுதான் அந்த ஊரின் கதை.

11-ஆம் நூற்றாண்டில் குரோஷிய மன்னர் ஸ்வோனிமிர் இருந்த கோட்டை அது. 1522-ல் துருக்கியர் பிடித்தார்கள், 1688-ல் வெனிஸ்காரர்கள். துருக்கியர் காலத்திலிருந்தே செர்பியர்கள் அந்த மலைப் பக்கம் குடியேறி வந்தார்கள். 1991 மார்ச் கணக்கெடுப்பில் பழைய நகராட்சியில் 37,888 பேர் செர்பியர், அதாவது நூற்றுக்கு எண்பத்தெட்டு. அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே செர்பியர்கள் மரக்கட்டைகளைச் சாலையில் போட்டு மறியல் தொடங்கியிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள், குரோஷியாவிலிருந்து பிரிவதாக அறிவித்த செர்பியர்களின் தனிக் குடியரசுக்கு க்னின் தலைநகரம். குரோட்டுகள், அதாவது குரோஷிய இனத்தவர், விரட்டப்பட்டார்கள். 1995 ஆகஸ்ட் 5 அன்று குரோஷிய ராணுவம் ஊருக்குள் வந்தது. இந்த முறை செர்பியர்கள் டிராக்டரிலும் காரிலும் கிளம்பினார்கள். அந்தப் பிரதேசம் முழுவதும் சேர்த்து ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பேர் என்கிறார்கள். காலியான வீடுகளுக்கு போஸ்னியாவிலிருந்து அகதியாக வந்த குரோட்டுகள் குடிவந்தார்கள். 2011-ல் முக்கால்வாசி குரோட்டுகள், கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக செர்பியர்கள்.

2011 பிப்ரவரியில் விவேக் நகர் பக்கம் கணக்கெடுக்கப் போன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. தாய்மொழி என்ன என்று கேட்டதும் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து "தமிழ்" என்ற பெரியவர்கள் இருந்தார்கள். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தை இங்கே பார்த்தவர்கள். அதனால் சொல்கிறேன், 88 சதவீதம், 75 சதவீதம் என்று நாம் சுலபமாகப் படித்துவிட்டுப் போகிற எண்ணைச் சில வீடுகளில் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

2021-ல் க்னின் நகராட்சி சுமார் 11,600-க்கு இறங்கிவிட்டது. இதற்குச் சண்டை காரணமில்லை. 2013-ல் குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் இளைஞர்கள் ஜெர்மனி, அயர்லாந்து என்று போய்விட்டார்கள், பிறப்பும் குறைவு. நாட்டுக்கே 42.8 லட்சம் 38.7 லட்சமாகிவிட்டது. உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் க்னினில் இறங்கினால் கோட்டையைப் பார்க்கட்டும். ஆகஸ்ட் 5 அரசு விடுமுறை, விழா அங்கேதான், கூட்டம் இருக்கும். க்ர்கா நதி ஊருக்குப் பக்கத்தில்தான் பிறக்கிறது, மேலே ஓர் அருவியும் உண்டு. கோடையில் அருவி வறண்டுவிடும், ஏப்ரலில் போகச் சொல்லுங்கள்.