30 சென்ட் தென்னந்தோப்பில் எத்தனை மாடுகள் வளர்க்கலாம்?

வணக்கம் ஐயா. தக்கலைப் பக்கம் உங்களுக்குள்ள 30 சென்ட் தென்னந்தோப்பில் நான்கு கலப்பினக் கறவை மாடுகளை வளர்க்க இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் தேவைப்படும்; தொழுவமும் எருக்குழியும் போக மிஞ்சும் இடத்தில் கோ-5 எனும் கம்பு நேப்பியர் ஒட்டுத் தீவனப் புல் நட்டாலும், திறந்தவெளியில் கிடைக்கும் விளைச்சல் தென்னை நிழலில் கிடைக்காது. நிழல் அடர்ந்த பகுதிக்குக் கினியாப் புல்லே ஏற்றது. வைக்கோலைக் கும்பப்பூ (மாசியை ஒட்டி அறுவடையாகும் நெல் பருவம்) அறுவடையின்போது வாங்கிவிடுங்கள். கன்னிப்பூ (புரட்டாசியை ஒட்டி அறுவடையாகும் நெல் பருவம்) வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்து பூசணம் பிடித்திருக்கும்.

தோப்பில் ஊடுபயிராக மரச்சீனி (மரவள்ளி) இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதன் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நச்சு உண்டாகையால், நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே, அதுவும் சிறிதளவாகவே, கொடுக்க வேண்டும். அவிழ்த்துவிட்ட மாடு மேய்ந்துவிட்டு மூச்சுத் திணறி, நுரை தள்ளி, தள்ளாடினால், கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தாமதித்தால் மாடு தப்பாது.

இரண்டு மாடுகளையும் ஒரே நேரத்தில் வாங்காமல், ஐந்தாறு மாத இடைவெளியில் ஈனும்படி பார்த்து வாங்கினால், ஒன்று வற்றும்போது மற்றொன்று கறவையில் இருக்கும்.