சூடேறினால் காந்தம் தளர்வதும் அயனி விரைவதும்

கேள்வி: இரும்பைச் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை மறைகிறது, சில திண்மப் பொருள்களிலோ அதே வெப்பம் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை, வேகமாக நகரச் செய்கிறது. இது எப்படி?

பதில்: இரண்டிலும் வெப்பம் செய்யும் வேலை ஒன்றுதான்; அது அணுக்களை அதிரச் செய்து அவற்றின் ஒழுங்கைக் குலைக்கிறது. இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு நுண்காந்தம். அண்டை அணுக்களின் எலெக்ட்ரான்களுக்கு இடையிலான குவாண்டம் இடைவினை அவற்றை ஒரே திசையில் நிறுத்தி வைக்க, வெப்ப அதிர்வு அவற்றைத் திசைக்கொன்றாகத் திருப்ப முயல்கிறது. 770 டிகிரி செல்சியஸில் அதிர்வு வென்றுவிடுவதால், இரும்பு புறக் காந்தப்புலத்துக்கு மிக மெலிதாக மட்டுமே இணங்கும் பொருளாகிவிடுகிறது. 1895இல் இதை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் கியூரியின் பெயரால் இந்த வெப்பநிலை கியூரி வெப்பநிலை எனப்படுகிறது. நிக்கலுக்கு அது ஏறத்தாழ 358 டிகிரி. கடோலினியம் என்ற உலோகத்துக்கோ சுமார் 20 டிகிரிதான். பலர் கவனிக்காத ஒன்று: குளிர்ந்ததும் உள்ளொழுங்கு மீளும் என்றாலும், நிலைக்காந்தமாக இருந்த துண்டு மீண்டும் காந்தமேற்றப்பட்டாலன்றிப் பழைய வலிமையைப் பெறாது.

இனி அயனிகளுக்கு வருவோம். திண்மப் பொருளில் ஓர் அயனி, தன் இடத்திலிருந்து அருகிலுள்ள காலியிடத்துக்குத் தாவ ஓர் ஆற்றல் தடையைக் கடக்க வேண்டும்; வெப்பநிலை உயர உயர, அதைக் கடக்கவல்ல அயனிகளின் விகிதம் பன்மடங்காகப் பெருகுகிறது. எனக்கு என்றும் வியப்பளிப்பது வெள்ளியும் அயோடினும் சேர்ந்த சில்வர் அயோடைடு: சுமார் 147 டிகிரியில் அதன் படிக அமைப்பே மாறி, அயோடைடு அயனிகள் சட்டகமாக நிற்க, வெள்ளி அயனிகள் திரவத்தில் இருப்பவைபோல ஓடுவதால், மின்கடத்துத்திறன் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்கிறது. லித்தியம் மின்கலம் கடுங்குளிரில் சோர்வதற்கும் அயனிகளின் மந்தமே பெரிய காரணம்.